.223க்கு எந்தப் பவுடர், எந்தப் பிரைமர்?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன், ஏஆர்-15 துப்பாக்கிக்கு .223 அளவுத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிப் பழகுகிறேன். கையில் இருப்பது வார்கெட் பவுடர், குச்சி குச்சியாக இருப்பதால் அளந்து கொட்டும் பவுடர் மெஷரில் சிக்கி நறநறவென்று அறுபடுகிறது, ஒவ்வொரு தடவையும் எடை வேறு. எச்335 பவுடருக்கு மாறலாமா அண்ணா?

பதில் 1: மாறலாம். அது உருண்டை ரகம், மணல் மாதிரி இறங்கும். ஆனால் வெயிலில் சூடேறினால் அழுத்தமும் ஏறும், அந்த விஷயத்தில் வார்கெட் சமர்த்து.

பதில் 2: தோட்டாவின் அடியில் பொறி தட்டும் பிரைமரையும் பார் தம்பி. ஏஆரில் பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் மூடும்போதே அது பிரைமரில் லேசாகக் குத்தும், சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவைப் பார், சின்னப் புள்ளி தெரியும். அதனால் எனக்கு லேசான குத்துக்கு எளிதில் வெடிக்காத சிசிஐ 41 பிரைமர் தான். எதை மாற்றினாலும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறு.

கேட்டவர்: பார்த்தேன், புள்ளி இருக்கிறது! சரி, பழைய பிரைமர் பெட்டி, கையால் தாழ் இழுக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கு.