ஸ்பேஸ்பார் கடகடக்குது, ஸ்பிரிங் கிண்ணுங்குது: எதிலிருந்து ஆரம்பிக்கணும்?

தட்டச்சன்

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது 84 கீ உள்ள 75 சதவீத (முழு அளவைவிடச் சின்ன) மெக்கானிக்கல் கீபோர்டு. ஹாட்ஸ்வாப் வகை, அதாவது சால்டர் வேலை இல்லாம சுவிட்சைக் கழட்டி மாட்டலாம். பிளாஸ்டிக் கேஸ், சுவிட்சைப் பிடிச்சிருக்கிற அலுமினிய பிளேட், ட்ரே மவுண்ட் (சர்க்யூட் பலகையை கேஸோட தூண்கள் மேல ஸ்க்ரூ போட்டு மாட்டுற வகை). ஸ்டெபிலைசர் (நீளமான கீ சாயாம இறங்க வைக்கிற கம்பி அமைப்பு) பிளேட்டில் மாட்டுற வகை. சுவிட்ச் லீனியர் (முட்டு இல்லாம சீரா இறங்குற வகை), பெட்டியில் 45 கிராம்னு போட்டிருக்கு. நாள் முழுக்க தமிழ்99-ல அடிக்கிறேன்.

பிரச்சினை மூணு. ஸ்பேஸ்பாரும் என்டரும் கடகடன்னு ஆடுது. எந்த கீயை விட்டாலும் உள்ளே ஸ்பிரிங் கிண்ணுன்னு ரீங்காரம் போடுது. விரலை கீ மேல சும்மா வச்சிருந்தாலே சில சமயம் எழுத்து விழுந்துடுது. போதாததுக்கு கீ இறங்கும்போது லேசா சரசரப்பு.

சுவிட்சை மொத்தமா மாத்திடலாமா, இல்ல இருக்கிறதை லூப் (மசகு) போட்டாலே சரியாகுமா? எந்த கிரீஸ், எவ்வளவு, எந்த வரிசையில் செய்யணும்? ஒரேயடியா எல்லாத்தையும் வாங்க விருப்பமில்லை.

கம்பியும் கிரீஸும்

சுவிட்சை இப்போதைக்குத் தொடாதீங்க நண்பரே. முதல்ல ஸ்டெபிலைசர். புது சுவிட்ச் எவ்வளவு நல்லதா வாங்கிப் போட்டாலும் ஸ்பேஸ்பார் கடகடப்பு அப்படியேதான் இருக்கும். அஞ்சு வார்த்தைக்கு நாலு தடவை அடிக்கிற கீ அது. அது சரியானாலே போர்டு பாதி மாறின மாதிரி தெரியும்.

யூஎஸ்பியைக் கழட்டுங்க, ஒயர்லெஸ்னா ஆஃப் பண்ணுங்க. கீகேப், சுவிட்ச் எல்லாத்தையும் எடுத்துட்டு ஸ்க்ரூவைக் கழட்டினா பிளேட்டும் பிசிபியும் (சர்க்யூட் பலகை) தனித்தனியா வந்துடும். ஸ்டெபிலைசரோட கொக்கியை பிளேட்டுக்கு அடியிலிருந்து அமுக்கி வெளியே தள்ளுங்க. மேலேருந்து ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினா கொக்கி உடையும்.

கடகடப்புக்கு முக்கால்வாசி காரணம் கம்பி. ஒரு கண்ணாடிப் பலகையில் கம்பியைப் படுக்க வச்சு, ஒரு காலோட நுனியை விரலால அமுக்குங்க. அடுத்த கால் மேலே எழுந்தா கம்பி முறுகியிருக்கு. எழும்புற காலைக் குறடால பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு, ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் வச்சுப் பாருங்க. ரெண்டு காலும் ஒட்டிப் படுக்கிற வரைக்கும் கிரீஸ் டப்பாவைத் திறக்காதீங்க. வளைஞ்ச கம்பிக்கு எவ்வளவு கிரீஸ் அப்பினாலும் ஒரு வாரம்தான் தாங்கும்.

அடுத்தது ஸ்டெம், அதாவது கீகேப் மாட்டுற, ஏறி இறங்குற பாகம். செர்ரி நிறுவனத்தோடது மாதிரியான பழைய பாணி ஸ்டெபிலைசர்னா ஸ்டெமோட அடியில மெல்லிய கால்கள் துருத்திக்கிட்டு இருக்கும். கீழே இறங்கும்போது அந்தக் கால் வளையறதாலதான் என்டர் சதக்குன்னு இறங்குற உணர்வு வருது. ஃப்ளஷ் கட்டரால அதை மத்த பக்கத்துக்குச் சமமா வெட்டிடுங்க. இப்போ வர்ற பல ஸ்டெபிலைசர்ல கால் இல்லாமலேயே வருது, அப்படின்னா வேலை மிச்சம்.

ஹவுசிங்கோட (வெளிக்கூடு) உள்சுவரிலும் ஸ்டெமோட பக்கங்களிலும் க்ரைடாக்ஸ் 205ஜி0 கிரீஸ், தூரிகையால மெல்லிசா ஒரு பூச்சு. கம்பி நுனி ஸ்டெமுக்குள்ள உட்கார்ற இடத்துக்கு மட்டும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், தாராளமா. அங்கதான் கம்பியும் பிளாஸ்டிக்கும் மோதுது, அதனால அங்க கெட்டியான கிரீஸ்தான் நிக்கும். கம்பியோட வளைவு ஹவுசிங்கில் மாட்டுற இடத்துலயும் ஒரு பொட்டு.

இதுக்கப்புறமும் ஒரு டிக் சத்தம் மிச்சமிருந்தா, கம்பி உட்கார்ற ஓட்டைக்குள்ள மெல்லிய துணிப் பட்டையை ஒட்டி இடைவெளியை அடைக்கிற முறை ஒண்ணு இருக்கு. ஹோலீ மாட்னு சொல்வாங்க. பட்டை கொஞ்சம் தடிச்சாலும் கீ மேலே வர சோம்பேறித்தனம் பண்ணும். அதனால இதைக் கடைசியா வச்சுக்குங்க.

கேஸை மூடுறதுக்கு முன்னாடி ஸ்பேஸ்பாரை மாட்டி இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு இடத்துலயும் தட்டிப் பாருங்க. ஒரு ஓரத்துல மட்டும் சத்தம்னா அந்தப் பக்கக் கம்பியைத் திரும்பப் பாருங்க. மூணு இடத்துலயும் சத்தம் இருந்து கம்பியும் நேரா இருந்தா, ஸ்பேஸ்பாரைக் கவிழ்த்து கண்ணாடியில் வையுங்க. பிபிடி பிளாஸ்டிக் ஸ்பேஸ்பார் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு வர்றது சகஜம். அப்படி இருந்தா ஸ்டெபிலைசர் மேல குத்தமில்லை.

நீள்சுருள்

‘கம்பியும் கிரீஸும்’ என்ற பெயரில் எழுதிய நண்பர் சொன்ன வரிசை சரி. ஆனால் லூப் வாங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். விரல் வைத்தாலே எழுத்து விழுகிறது என்றீர்கள். அதை லூப் சரிசெய்யாது. உராய்வு குறைவதால் கீ இன்னும் லேசாகத்தான் தெரியும். அதற்கு மருந்து ஸ்பிரிங். இரண்டுக்குமே சுவிட்சைப் பிரித்தாக வேண்டும் என்பதால், ஒரே தடவையில் இரண்டையும் முடியுங்கள்.

ஸ்பிரிங் வாங்கும்போது பலரும் ஏமாறுவது எண்ணில்தான். சுவிட்ச் பெட்டியில் போட்டிருக்கும் 45 கிராம் பெரும்பாலும் எழுத்து பதிவாகும் இடத்து எடை, அதாவது 4 மில்லிமீட்டர் பயணத்தில் 2 மில்லிமீட்டர் இறங்கிய இடம். தனியாக விற்கும் ஸ்பிரிங்கில் போட்டிருப்பதோ அநேகமாக அடி தொடும் இடத்து எடை. உங்கள் 45 கிராம் சுவிட்ச் அடி தொடும்போது 60-ஐ ஒட்டி வந்துவிடும். எனவே 55 கிராம் ஸ்பிரிங் வாங்கினால் இப்போது இருப்பதைவிட லேசாகிவிடும். 63.5 அல்லது 68 வாங்குங்கள். வாங்குமுன் அந்த எண் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று விற்பவரின் விவரத்தில் பாருங்கள்.

நீளமும் முக்கியம். சாதாரண ஸ்பிரிங் 14, 15 மில்லிமீட்டர் இருக்கும். 20 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கை அதே ஹவுசிங்கில் அடைத்தால், கீயைத் தொடும் முன்பே அது நன்றாக அமுங்கியிருக்கும். ஆரம்ப எடை கூடும், அடி தொடும் எடை கிட்டத்தட்ட அதேதான். ஓய்வாக வைத்த விரலைத் தாங்குவது அந்த ஆரம்ப எடை. உங்கள் பிரச்சினைக்கு 20 மில்லிமீட்டர், 63.5 கிராம் பொருத்தமாக இருக்கும். கீ மேலே திரும்புவதும் விறுவிறுப்பாக இருக்கும். மொத்தமாக 84 வாங்கும் முன், மாதிரிக்கு நாலைந்து கிடைத்தால் தமிழ்99-இல் புள்ளி விழும் எஃப் கீயிலும் பக்கத்துக் கீகளிலும் போட்டுப் பாருங்கள்.

மெல்லிய பூச்சு

லூப் பற்றி நான் சொல்றேன்.

லீனியருக்கு 205ஜி0 போதும். தூரிகை 0 அல்லது 00 அளவு. சுவிட்ச் ஓப்பனர், ஸ்டெமைப் பிடிக்க ஒரு நாலு நகப் பிடிப்பான், ட்வீஸர். 5 மில்லி டப்பா ஒரு போர்டுக்குத் தாராளம்.

பூச வேண்டிய இடங்கள்: கீழ் ஹவுசிங்கில் ஸ்டெம் ஏறி இறங்குற ரெண்டு தண்டவாளம், ஸ்டெமோட நாலு பக்கம், ஸ்பிரிங் உட்கார்ற வட்டம். பூசக்கூடாத இடம் உலோக லீஃப் (தொடுதகடு) சேர்ற முனை. அந்தக் கிரீஸ் மின்சாரம் கடத்தாது, முனையில் ஏறினா எழுத்து விட்டு விட்டு விழும். லீனியர்ல ஸ்டெமோட ரெண்டு காலுக்கும் தூரிகையில் மிச்சமிருக்கிறதை ஒரு தடவல். பின்னாடி டேக்டைல் (இறங்கும்போது முட்டு தெரியுற) சுவிட்ச் வாங்கினா அந்தக் காலைத் தொடவே தொடாதீங்க, முட்டு உணர்ற இடமே அதுதான். அதுக்கு 205-ஐவிட இலேசான ட்ரைபோசிஸ் 3203 நல்லது.

எவ்வளவுன்னு கேட்டீங்க. பூசின பிறகு பிளாஸ்டிக்கோட நிறம் தெரியணும், மேலே ஈரப் பளபளப்பு மட்டும் இருக்கணும். வெள்ளையா திட்டு தெரிஞ்சா அதிகம். மூலையில் சேர்ந்த கிரீஸை தூரிகையால வழிச்சு எடுங்க. அதிகமான சுவிட்ச் சேத்துல கால் வச்ச மாதிரி மெதுவா எழும்பும்.

கிண்ணு சத்தம் ஸ்பிரிங்கோடது. அதுக்கு கிரீஸ் இல்ல, எண்ணெய்: க்ரைடாக்ஸ் 105. ஒரு ஜிப் பையில 84 ஸ்பிரிங்கையும் போட்டு பத்துத் துளி விட்டு, பைக்குள்ள காத்து அடைச்சு மூடி ரெண்டு மூணு நிமிஷம் குலுக்குங்க. காத்தில்லாம குலுக்கினா ஸ்பிரிங் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். நீள ஸ்பிரிங் இன்னும் மோசமா பின்னும். இழுத்துப் பிரிக்காதீங்க, திருகிப் பிரிங்க. இழுத்தா நீண்டு போய் எடை மாறிடும்.

வாசலின், டபிள்யூடி-40, மிஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். சிலது காய்ஞ்சு போகும், சிலது நாளாக நாளாக பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். க்ரைடாக்ஸ் வேலை முடிஞ்சதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க. அந்தக் கையோட சிகரெட்டைத் தொடாதீங்க. க்ரைடாக்ஸ்ல இருக்கிற ஃப்ளோரின் சேர்மங்கள் நெருப்புல நச்சுப் புகையாகும்.

சுவிட்சோட மேல், கீழ் ஹவுசிங்கைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடினா மட்டும் இடையில 0.15 மில்லிமீட்டர் ஃபிலிம் (மெல்லிய தாள்) போடுங்க. இறுக்கமான ஹவுசிங்குல திணிச்சா கொக்கி முழுசா பூட்டாது, அடுத்த தடவை கீகேப்பை இழுக்கும்போது மேல்பாகமும் சேர்ந்து கையோட வந்துடும்.

ஒரு சுவிட்சுக்கு மூணு நிமிஷம்னு வச்சாலும் 84-க்கு நாலு மணி நேரம் தாண்டும். முதல்ல அஞ்சு சுவிட்ச் மட்டும் செஞ்சு போட்டுப் பாருங்க. அளவு பிடிபட்டதும் மீதியைத் தொடுங்க.

தட்டச்சன்

ரொம்ப நன்றி. ஸ்டெபிலைசர் முடிஞ்சது. என்டர் கம்பிதான் முறுகியிருந்தது, இப்போ சத்தமே இல்லை. அஞ்சு சுவிட்ச் லூப் போட்டு மாட்டினேன். மூணு அருமையா இருக்கு. ஒண்ணு எழுத்தே விழலை. ஒண்ணு ஒரு தட்டுக்கு ரெண்டு எழுத்து விழுது. சாக்கெட் போச்சா?

இன்னொண்ணு, கேஸ் காலிப் பெட்டி மாதிரி ஒலிக்குது. ஃபோம் போடலாமா?

கம்பியும் கிரீஸும்

எழுத்தே விழாததை முதல்ல பிடுங்கிப் பாருங்க. அநேகமா சுவிட்சுக்கு அடியில இருக்கிற ஒரு உலோகக் கால் மடங்கி அடியில் படுத்திருக்கும். ட்வீஸரால நிமிர்த்தி, ரெண்டு காலும் ஓட்டைக்கு நேரா இருக்கான்னு பார்த்து செங்குத்தா அமுக்குங்க. கால் நேரா இருந்தும் விழலைன்னா, சுவிட்ச் இல்லாம போர்டை இணைச்சு, ட்வீஸரோட ரெண்டு முனையையும் சாக்கெட்டோட ரெண்டு ஓட்டையில் விடுங்க. எழுத்து விழுந்தா சாக்கெட் நல்லாயிருக்கு, கோளாறு சுவிட்சில். விழலைன்னா பின்பக்கம் சாக்கெட்டோட சால்டர் விட்டிருக்கான்னு பாருங்க. பிசிபி வெளியே இருக்கும்போது சுவிட்ச் செருகினா சாக்கெட்டுக்குப் பின்னாடி விரல் கொடுத்துத் தாங்கிக்கிட்டே செருகுங்க, இந்தக் கோளாறே வராது.

ரெண்டு எழுத்து விழுறது லீஃப்ல கிரீஸ் ஏறினதாலதான் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல முக்கி எடுத்தா போயிடும்னு நினைக்காதீங்க, இந்த கிரீஸ் அதுல கரையாது. மெல்லிய காகிதத் துண்டை லீஃப் முனைகளுக்கு நடுவே விட்டு உருவித் துடைக்கணும். லீஃபை வளைச்சிடாம செய்யணும். வளைஞ்சா அந்த சுவிட்சை ஒதுக்கிட்டு வேற போடுங்க. க்யூஎம்கே (கீபோர்டுக்குள்ள ஓடுற ஒரு மென்பொருள்) உள்ள போர்டுன்னா டிபவுன்ஸ், அதாவது ஒரே தட்டு ரெண்டாப் பதியாம இருக்கக் காத்திருக்கிற நேரம், வழக்கமா 5 மில்லி விநாடியில் இருக்கும். அதைக் கூட்டினா இரட்டை எழுத்து மறையும், ஆனா லீஃப்ல இருக்கிற அழுக்கு அங்கேயேதான் இருக்கும். துடைக்கிறதுதான் சரியான வழி.

நீள்சுருள்

ஃபோம் போடலாம். ஆனால் அது மாற்றுவது ஒலியை. விரலுக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு. அதனால் முதலில் காசில்லாத வழி: பிசிபியின் பின்பக்கம் மாஸ்கிங் டேப் இரண்டு அல்லது மூன்று அடுக்கு. ஸ்க்ரூ ஓட்டை, யூஎஸ்பி முனை, பேட்டரி இணைப்பு ஆகிய இடங்களை வெட்டி விடுங்கள். பளபளக்கும் உலோக டேப் கூடவே கூடாது, ஷார்ட் ஆகும். ஒலி பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம்.

கேஸ் ஃபோம் வாங்கும் முன் இடைவெளியை அளங்கள். பிசிபியின் அடியில் ஹாட்ஸ்வாப் சாக்கெட் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் துருத்தும். அதைக் கழித்து மீதமிருக்கும் இடத்துக்குத்தான் ஃபோம். தடித்த ஃபோமைத் திணித்து ஸ்க்ரூவை முறுக்கினால் பிசிபி நடுவில் வில்லாக வளையும். நடு வரிசைக் கீகள் மட்டும் கட்டையாகத் தெரியும்.

உங்கள் போர்டு ட்ரே மவுண்ட் என்பதால் இன்னொரு காரியம், ஃபோமைவிட இதற்கே நான் முன்னுரிமை தருவேன். ஸ்க்ரூ தூண்களுக்கு மேல் இருக்கும் கீகள் கடினமாகவும், தள்ளி இருப்பவை மெத்தென்றும் இறங்கும். ஒவ்வொரு தூண் மேலும் ஒரு சிறு ரப்பர் வளையம் வைத்து, ஸ்க்ரூவைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறையும்.

மெல்லிய பூச்சு

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. சுவிட்சோட எல்இடி ஜன்னல் மேல்பக்கமா, அதாவது எண் வரிசையைப் பார்த்தபடி இருக்கா? அப்படின்னா செர்ரி வடிவ (உயரம் குறைஞ்ச) கீகேப் போட்டா ஏ முதல் எல் வரைக்கும் உள்ள வரிசையில் கீகேப்போட உள்சுவர் சுவிட்ச் தலையில் இடிக்கும். அடி தொடுற இடத்துல மந்தமான ஒரு தட்டு கேட்கும், அதை லூப் குறைன்னு நினைச்சு திரும்பப் பிரிக்க வேண்டாம். தமிழ்99-ல க, ப, ம, த எல்லாம் அந்த வரிசையில்தான். ஓஇஎம் வடிவ (கொஞ்சம் உயரமான) கீகேப்ல இது வராது. இல்லைன்னா பயணம் 3.5 மில்லிமீட்டர் அளவுல நிக்கிற நீளத் தண்டு சுவிட்ச் போட்டா சுவர் இடிக்கிறதுக்கு முன்னாடியே தண்டு தரை தட்டிடும்.

மீதி 79 சுவிட்சையும் போட்டதும், கேஸை மூடுறதுக்கு முன்னாடி உலாவியில் ஒரு கீ டெஸ்டர் பக்கத்தைத் திறந்து எஃப்என் தவிர எல்லாத்தையும் ஒரு சுற்று தட்டிடுங்க. எஃப்என் தனியா பதிவாகாது, அதோட வேற கீ சேர்த்து ஒலி அளவை மாத்திப் பார்த்துக்குங்க.