படம் பார்க்கும்போது கதைப்பவர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி (உவர்மலை)
இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னர் குடும்பமாக இருந்து தொலைக்காட்சியில் படம் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். படம் தொடங்கியதுமே மாமி, "இவர் ஆர், முதல் வந்த பொடியன்தானே?" என்று கேட்பார், மச்சான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வசனங்கள் போய்விடும், பிறகு அவை என்னவென்றும் மாமியே கேட்பார். அண்மையில் நகரத்துத் திரையரங்கு ஒன்றுக்குப் போனபோது, பின்வரிசையில் இருந்த ஒருவர் இடைவேளை வரை கைபேசியில் காணி விற்பனை பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார். வீட்டில் இருப்பவர் மூத்தவர், வெளியில் இருப்பவர் முன்பின் அறியாதவர். இருவரிடமும் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில் (நிலாவெளி)
உங்கள் எரிச்சல் நியாயமானது, சகோதரி. மின்விசிறியின் இரைச்சலையோ கடலிரைச்சலையோ காது விரைவில் ஒதுக்கிவிடும். ஆனால் நமக்கு விளங்கும் மொழியில் அருகில் ஒருவர் கதைத்தால் மனம் தானாகவே அந்தச் சொற்களின் பின்னால் போய்விடும். கொலின் செரி என்ற ஆய்வாளர் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். மற்றக் காதில் ஒலித்த பேச்சு இடையில் வேறு மொழிக்கு மாறியதைக்கூடக் கேட்டவர்கள் கவனிக்கவில்லை. அதாவது ஒரு நேரத்தில் ஒரு பேச்சைத்தான் மனம் சரியாகப் பின்தொடரும்; அருகில் கதைப்பவரின் பின்னால் மனம் போனால் படத்தின் வசனம் தவறிவிடும். ஆகவே, "கதைத்தால் என்ன, நீ படத்தைப் பார்" என்று சொல்வது பொருந்தாது.

பதில் (பாலையூற்று)
மாமியிடம் கோபப்படுவதற்கு முன்னர் அவருடைய காதைப் பரிசோதிப்பது நல்லது. வயது செல்லச் செல்ல உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே முதலில் மங்கும். ச, ஸ போன்ற ஒலிகள் தெளிவாக விழாமல் போவதால், குரல் கேட்கும், சொல் விளங்காது. என் அம்மம்மாவும் இப்படித்தான் ஒவ்வொரு காட்சிக்கும் கேள்வி கேட்பார். தட்டைத் தொலைக்காட்சிகள் பலவற்றில் ஒலிபெருக்கி பின்புறமோ அடிப்புறமோ நோக்கி இருப்பதால் வசனம் சுவரில் பட்டு மங்கலாகத்தான் வரும். நாங்கள் தனி ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி அவருடைய கதிரைக்கு அருகில் வைத்த பின்னர் கேள்விகள் பெருமளவு குறைந்துவிட்டன. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமும் ஒரு முறை காட்டுங்கள்.

பதில் (மூதூர்)
மேலே சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் வீட்டில் முழு அமைதி கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து அயலவர் எல்லோருமாகப் படம் பார்த்தோம். கதைப்பதும் அதில் ஒரு பங்குதான். தொடர் நாடகத்துக்குக் கதைக்கலாம், படத்துக்குக் கூடாது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். மாமி கேட்கும்போது ரிமோட்டால் படத்தை நிறுத்தக்கூடிய வசதி இருந்தால் நிறுத்தியே விடை சொல்லுங்கள். திரையரங்கு அப்படியல்ல. அங்கு எல்லோரும் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். முதலில், "அண்ணா, வசனம் விளங்கவில்லை, வெளியில் நின்று கதைக்கிறீர்களா?" என்று தணிந்த குரலில் கேளுங்கள். அதற்கும் நிறுத்தாவிட்டால் வாக்குவாதப்படாமல், இடைவேளை வரையும் காத்திராமல், வாசலில் நிற்கும் ஊழியரிடம் போய்ச் சொல்லுங்கள். இருக்கை வரிசையைக் காட்டினால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.