கிராஃப் தரவுத்தளத்தின் எண்ணிக்கைச் சுருக்கத்தை ஜாவாவில் எந்த வடிவில் வைப்பது?

குறிஞ்சிநிரல் கேட்டது:

நியோ4ஜே என்ற கிராஃப் தரவுத்தளத்தின் (தரவைக் கணுக்களாகவும் அவற்றை இணைக்கும் உறவுகளாகவும் வைப்பது) நிலையைக் காட்டும் சிறிய சேவை ஒன்றை ஜாவா 17-இல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் துணை நூலகமான அபாக்கின் மெட்டா ஸ்டாட்ஸ் செயல்முறையை அழைத்தால் மொத்தக் கணுக்கள், மொத்த உறவுகள், லேபிள்வாரி (கணுவின் வகைப்பெயர்வாரி) எண்ணிக்கை எல்லாம் கைக்கு வந்துவிடுகின்றன. சோதனைக்கு நியோ4ஜே தரும் திரைப்பட மாதிரித் தரவை ஏற்றியிருக்கிறேன். 171 கணுக்கள் (133 நபர், 38 படம்), 253 உறவுகள்.

சிக்கல் உறவுகளில்தான். அவற்றின் எண்ணிக்கை இப்படிச் சரங்களைச் சாவியாகக் கொண்ட மேப்பாக வருகிறது. பெயர்களை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன்:

()-[:நடித்தார்]->() = 172
(:நபர்)-[:நடித்தார்]->() = 172
()-[:நடித்தார்]->(:படம்) = 172
()-[:இயக்கினார்]->() = 44

இந்த மேப்பை அப்படியே நிரல் முழுக்கக் கைமாற்றலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபீல்டு வைக்கலாம் என்றால், என்னென்ன லேபிள்கள் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. சராசரிப் படி (ஒரு கணுவுக்குச் சராசரியாக எத்தனை இணைப்புகள்) போன்றவற்றையும் இதே கிளாஸில் சேர்த்து வைக்கலாமா?

கணுக்கூடு எழுதியது:

உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சரங்களுக்கு உள்ளே மூன்று துண்டுகள் ஒளிந்திருக்கின்றன: தொடக்க லேபிள், உறவு வகை, முடிவு லேபிள். லேபிள் இரண்டும் இல்லாமலும் போகலாம். சரமாகவே விட்டால், ‘நபரிடமிருந்து கிளம்பும் உறவுகள் எவை?’ என்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் யாராவது அடைப்புக்குறிகளை வெட்டிக்கொண்டிருப்பார்கள். லேபிளின் பெயரில் ஓர் இடைவெளியோ கோடோ வந்தால் அந்த வெட்டு பிசகும். ஆகவே மேப் உள்ளே நுழையும் வாசலில் ஒரே ஒரு முறை பிரியுங்கள். ‘உறவு வடிவம்’ என்று மூன்று ஃபீல்டு கொண்ட ஒரு ரெக்கார்டு (தரவை ஏந்துவதற்கான ஜாவாவின் சுருக்கக் கிளாஸ்) எழுதி, அதையே மேப்பின் சாவியாக வையுங்கள். ரெக்கார்டுக்குச் சமத்தன்மையும் ஹாஷும் ஜாவாவே எழுதித் தந்துவிடும். லேபிள்கள் முன்கூட்டியே தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தது, நான் எங்கே போனாலும் வற்புறுத்துகிற விஷயம். லேபிள் எண்ணிக்கைகளைக் கூட்டும் மெத்தடை அந்தக் கிளாஸில் வைக்கவே வைக்காதீர்கள். உங்கள் மாதிரித் தரவில் 133-உம் 38-உம் சேர்ந்து 171 ஆவது அந்தத் தரவின் இயல்பு மட்டுமே. நியோ4ஜேயில் ஒரு கணு பல லேபிள்களைச் சுமக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். ஒரே ஆளுக்கு ‘நபர்’, ‘நடிகர்’, ‘இயக்குநர்’ என்று மூன்று லேபிள் இட்டால் அவர் மூன்று முறை எண்ணப்படுவார். உறவு அப்படியில்லை. ஓர் உறவுக்கு ஒரே வகைதான். அதனால் வகைகளின் கூட்டுத்தொகை மொத்தத்துக்குச் சமமாகியே தீர வேண்டும். உங்கள் தரவில் நடித்தார் 172, இயக்கினார் 44, தயாரித்தார் 15, எழுதினார் 10, விமர்சித்தார் 9, பின்தொடர்கிறார் 3. கூட்டினால் 253. இந்தச் சரிபார்ப்பைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே வைத்துவிடுங்கள்.

சராசரிக்கு ஃபீல்டு வேண்டாம். எண்ணியதை மட்டும் ஃபீல்டாக வையுங்கள், வகுத்து வருவதை மெத்தடாக எழுதுங்கள்.

குறிஞ்சிநிரல்:

மிக்க நன்றி ஐயா. ஒரு சந்தேகம். இரண்டு முனையிலும் லேபிள் உள்ள வடிவம், அதாவது (:நபர்)-[:நடித்தார்]->(:படம்), அந்த மேப்பில் இல்லையே? அதைக் கேட்டால் பூஜ்யம் தரட்டுமா?

கணுக்கூடு:

தயவுசெய்து பூஜ்யம் தராதீர்கள். நியோ4ஜேயின் எண்ணிக்கைக் கிடங்கு ஒரு முனை லேபிளோடு நின்றுவிடுகிறது, இரு முனை வடிவத்தை அது பதிவதே இல்லை. ‘இல்லை’ என்பதும் ‘எண்ணப்படவில்லை’ என்பதும் வேறு வேறு செய்திகள். பூஜ்யத்தைப் பார்ப்பவர் அப்படி ஓர் உறவே இல்லை என்று நம்பி அடுத்த முடிவை எடுப்பார்.

வெற்று விடை தருவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, இதைப் பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு வகையின் மொத்தம் ம, தொடக்க லேபிளோடு எண்ணியது அ, முடிவு லேபிளோடு எண்ணியது ஆ என்று வையுங்கள். இரு முனையும் பொருந்தும் உறவுகள் அ, ஆ இரண்டில் சிறியதைத் தாண்ட முடியாது. அ + ஆ − ம என்பதற்குக் கீழேயும் போக முடியாது (அது எதிர்மமாக வந்தால் கீழ்வரம்பு பூஜ்யம்). மொத்தம் 1,000, ஒரு முனையில் 700, மறு முனையில் 600 என்றால் விடை 300-க்கும் 600-க்கும் நடுவில்தான் இருக்கும். உங்கள் தரவில் மூன்றுமே 172, ஆகவே இரு வரம்பும் 172-இல் வந்து சேர்ந்துவிடுகின்றன. தரவுத்தளத்தைத் தொடாமலேயே துல்லியமான விடை கிடைத்துவிட்டது!

ஆகவே அந்த மெத்தட் ஒற்றை எண்ணைத் தராமல் ‘வரம்பு’ என்ற ரெக்கார்டைத் தரட்டும். கீழும் மேலும் சமமென்றால் அதுவே விடை. சமமில்லாதபோது, துல்லியம் தேவைப்படுபவர் நியோ4ஜேயின் வினவல் மொழியான சைஃபரில் தனியாக ஒரு வினவலை ஓட்டிக்கொள்வார். பெரிய தரவில் அது உறவுகளை ஒவ்வொன்றாக நடந்து எண்ணும், நேரம் பிடிக்கும்.

வடகரை எழுதியது:

கணுக்கூடு சராசரியை ஒரே வரியில் கடந்துவிட்டார், நான் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். படியைப் பொறுத்தவரை மொத்தங்கள் மட்டும் போதாது, ‘இத்தனை படி கொண்ட கணுக்கள் இத்தனை’ என்ற அலைவெண் பட்டியலை வையுங்கள். சாக்கரி 1977-இல் வெளியிட்ட கராத்தே கிளப் வலையமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 34 பேர், 78 இணைப்புகள். சராசரிப் படி சுமார் 4.59, ஆனால் இடைநிலை 3, உச்சம் 17. சராசரியை மட்டும் காட்டினால் அந்தப் 17 இணைப்புக்காரர் மறைந்தே போவார், அந்தச் சங்கம் பிளந்த கதையில் முக்கியமான இருவரில் ஒருவர் அவர். பட்டியல் கையில் இருந்தால் மூன்றையும் எப்போது வேண்டுமானாலும் கணக்கிடலாம். பொதுக் கணுக்கள் இல்லாத இரண்டு தரவுத்தளங்களின் பட்டியல்களைக் கூட்டவும் முடியும், இடைநிலைகளைக் கூட்ட முடியாது.

முக்கோணங்கள் (ஒன்றோடொன்று இணைந்த மூன்று கணுக்கள்) பக்கம் போனால் பெயரிடுவதில் கவனம் தேவை. அதே வலையமைப்பில் 45 முக்கோணங்கள், 528 இரு-இணைப்புப் பாதைகள். 3 × 45 / 528 = 0.256. கணுவாரியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் 0.571. இரண்டையும் ‘கொத்துக் கெழு’ (அண்டைக் கணுக்கள் தமக்குள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்ற அளவு) என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரே ஃபீல்டு இருந்தால் படிப்பவருக்கு எது என்று தெரியாது. 45-ஐயும் 528-ஐயும் ஃபீல்டாக வைத்துவிட்டால் முதல் கணக்கில் ஐயமே எழாது.

முல்லைத்திணை எழுதியது:

இதை ஜேசனாக (தரவைப் பரிமாறும் உரை வடிவம்) வெளியே அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன். ஜேசனில் சாவி சரமாகத்தான் இருக்க முடியும், ரெக்கார்டுச் சாவியை அப்படியே எழுத விட்டால் மறுபடி சரத்தை வெட்டும் வேலை திரும்பிவிடும். தொடக்கம், வகை, முடிவு, எண்ணிக்கை என்ற நான்கும் கொண்ட பொருள்களின் வரிசையாக அனுப்புங்கள்.

படிகளின் வர்க்கக் கூட்டுத்தொகையை அனுப்புவதானால் இன்னொன்று. உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் 9,007,199,254,740,991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் தாங்கும். 10 கோடி படி கொண்ட ஒரே கணுவின் வர்க்கமே இதைத் தாண்டிவிடும். ஜாவாவின் 64 பிட் லாங்குக்கு அது பெரிதே இல்லை. அந்த ஒரு ஃபீல்டைச் சரமாக அனுப்பிவிடுங்கள்.

குறிஞ்சிநிரல்:

அனைவருக்கும் நன்றி. வரம்பு யோசனையை உடன் வேலை செய்பவரிடம் காட்டியதும் அவரும் ரெக்கார்டுச் சாவிக்கு ஒப்புக்கொண்டார். கடைசியாக ஒன்று: எண்ணிக்கைகளைத் தனித்தனி வினவல்களாக எடுக்கும்போது நடுவில் யாராவது புதிய உறவை எழுதினால்?

கணுக்கூடு:

மொத்தத்தை முதலில் படித்து, லேபிள் எண்ணிக்கையைப் பிறகு படித்தால், அ என்பது ம-வைவிடப் பெரிதாக வந்துவிடலாம். அப்போது கீழ்வரம்பு மேல்வரம்பைத் தாண்டிவிடும். நியோ4ஜேயின் இயல்பான தனிமைநிலையில் (நடுவில் மற்றவர்கள் எழுதுவது எவ்வளவு கண்ணில் படும் என்ற அமைப்பு) ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தாலும் இது தீராது. அ, ஆ இரண்டும் ம-வைத் தாண்டவில்லை என்று கன்ஸ்ட்ரக்டரில் சரிபாருங்கள், தாண்டியிருந்தால் அந்தத் தொகுப்பைத் தள்ளிவிட்டு மறுபடி எடுங்கள். எடுத்த நேரத்தையும் ஒரு ஃபீல்டாக வையுங்கள். மேப்களை உள்ளே வாங்கும்போது மாற்ற முடியாத நகலாக வாங்குங்கள்.