நலாக்சோன் போட்டுப் பிழைத்தவருக்கு அடுத்த சில நாட்கள்: வீட்டாரிடம் என்ன சொல்வது?

களப்பணி_மதுரை:
அபின் வகை வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றி, மூச்சு நிற்கும் நிலைக்குப் போய், நலாக்சோன் (அந்தப் போதையை முறிக்கும் மருந்து) போட்டுப் பிழைத்தவர்கள் அரை மணி நேரத்திலேயே வார்டைவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார்கள். வீட்டாரோ உடனே மறுவாழ்வு மையத்தில் அடைத்துவிடத் துடிக்கிறார்கள். இரு தரப்புக்கும் என்ன சொல்லலாம்?

இரவுப்பணி_செவிலியர்:
நலாக்சோன் போட்டதும் வாந்தி, நடுக்கம், உடம்புவலி எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அதனால்தான் ஓடப் பார்க்கிறார். "கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும் தம்பி" என்று முதலில் அதைச் சொல்லுங்கள். நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். மாத்திரை உடம்பில் அதைவிட அதிக நேரம் நிற்கலாம், மூச்சு மறுபடி அமுங்கும். நடுக்கம் தாங்காமல் இடையில் இன்னொரு போதை ஊசி ஏற்றினால் ஆபத்து இரட்டிப்பு. கடைசி நலாக்சோனுக்குப் பின் குறைந்தது 2 மணி நேரமாவது வார்டில் இருக்கட்டும்.

வீட்டில் முதல் இரவு ஒருவர் விழித்திருக்க வேண்டும். கரகரவென்று குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, நிமிடத்துக்கு 10க்குக் குறைவான மூச்சு, இதில் எது தெரிந்தாலும் 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நின்றுவிட்டால் 5 நொடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

மனநலப்பிரிவு:
என் பெரிய கவலை அந்த அடைத்துவைப்பதுதான். சில நாள் நிறுத்தினாலே உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றுவார், அதுதான் உயிரைக் குடிக்கிறது. நாக்கோவின் (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) ஓஎஸ்டி மையங்களில், அதாவது போதை ஊசிக்குப் பதில் மாற்று மருந்து தரும் மையங்களில், புப்ரினார்ஃபின் என்ற அபின் வகை மருந்து இலவசம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, தினமும் ஊழியர் முன்னால். கடைசி போதை ஊசி போட்டு 12 மணி நேரமாவது கழிந்து, கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு தானாக வந்த பிறகே தொடங்குவார்கள். முந்தினால் அவஸ்தை கூடும். "ஒரு போதைக்கு இன்னொன்றா?" என்று வீட்டார் இரண்டே வாரத்தில் நிறுத்தச் சொல்வார்கள், விடாதீர்கள். மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில் தேவைப்படும். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அமுங்கும்.

தனியாகக் கூப்பிட்டு, சாகும் எண்ணத்தோடு போட்டாரா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்.

களப்பணி_மதுரை:
போலீஸ் பயத்தில் ஓஎஸ்டிக்கு வர மறுத்தால்?

மனநலப்பிரிவு:
போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவைக் காட்டுங்கள். பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு இருந்தாலும், தானே முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அது ரத்தாகலாம், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அருகில் எங்கே சிகிச்சை என்று 14446இல் கேட்கலாம்.