தலையில் தெளிப்பதா, கடலில் முழுகுவதா? உதவுங்கள்

வணக்கம். மகளுக்கு ஐந்து மாதம். நாங்கள் வட்டுக்கோட்டைப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பதுதான் வழக்கம். அம்மம்மா தைத்த வெள்ளைச் சட்டை அலுமாரியில் தயார்.

கணவர் வீட்டார் பெந்தெகொஸ்தே. "விசுவாசிச்ச பிறகுதான், அதுவும் கடலில முழுகித்தான்" என்கிறா மாமி. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்கிற மாற்கு 16:16 அவவுக்கு மனப்பாடம். பிலிப்பி சிறைக்காவலன் வீட்டார் எல்லாருமே ஞானஸ்நானம் பெற்றதை (அப்போஸ்தலர் 16:33) காட்டினால், "அதில குழந்தை இருந்ததெண்டு எங்க எழுதிக் கிடக்கு?" என்கிறா. நியாயமான கேள்விதான், என்ன செய்ய!

முறையில் எனக்குப் பிடிவாதமில்லை. போதிய தண்ணீர் இல்லாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்றலாம் என்று ஆதித் திருச்சபையின் போதனை நூலான டிடாக்கேயே சொல்கிறது. வயதுதான் சிக்கல்.

இப்போதைக்கு ஆசீர்வாத ஜெபம் மட்டும் வைத்து, ஞானஸ்நானத்தைப் பிள்ளை வளர்ந்தபின் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் போதகர் சம்மதித்தாரா?