கணினி வந்த பிறகு ஊடக நிர்வாகம் எப்படி மாறியது? உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்

பழைய பக்கக்காரர்

சிங்கப்பூர்த் தமிழ் ஊடகத்தில் வேலை பார்த்தவர்களும் பார்க்கிறவர்களும் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறோம். கணினியால் வேலை வேகமானது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை, அது வேண்டாம். அலுவலகத்தை நடத்தும் முறை என்ன ஆனது? முன்பு யார் முடிவெடுத்தார், இப்போது யார் எடுக்கிறார்? அதைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். ஒரு சிறு பத்திரிகை அலுவலகத்தில் பக்க அமைப்பில் இருந்தவன். அச்சகம் வைத்ததுதான் அங்கே சட்டம். பக்கம் போகும் நேரம் வந்துவிட்டால் ஆசிரியரே வந்து நின்றாலும் ஒரு வரி மாறாது. கணினியில் பக்கம் கட்டத் தொடங்கியதும் வெட்டி ஒட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் செய்த வேலை மட்டும் போகவில்லை, துணையாசிரியர் மேசைக்கு வந்து சேர்ந்தது. நிர்வாகக் கணக்கில் அது சிக்கனம்.

1995ல் நான்கு மொழிச் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி. 1997ல் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் நடந்தது. இவ்வளவு முன்னோடியான ஊரில், அப்போது ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். அந்தக் கோப்புகளை இன்றைய பொதுக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் இன்று ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. பழைய செய்தியும் சொத்துதான் என்று எங்கள் நிர்வாகத்துக்குப் புரிவதற்குள் வட்டுகள் குப்பைக்குப் போய்விட்டன. 1935ல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பார்க்கிறோம். தாளில் இருந்தது பிழைத்தது, பாருங்கள்.

தேக்கா விளம்பரக்காரி

அண்ணே, என் பக்கம் வேறு கதை. நான் விளம்பரம் விற்றவள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னாலேயே சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குவேன். அரைப் பக்கம், கால் பக்கம், வண்ணம் என்றால் கூடுதல். விளம்பரம் வந்த நாளில் முதலாளி கையில் ஒரு பிரதி கொடுத்தால் போதும், கல்லாப் பக்கத்தில் மடித்து வைத்துக்கொள்வார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இணையத்தளத்துக்கு விற்கத் தொடங்கியதும் அறிக்கை கேட்டார்கள். எங்களுக்கும் பெருமைதான், எண்ணிக்கை பெரிதாக இருந்ததே! ஒரு நகைக்கடைக்காரர் நாடுவாரியாகக் காட்டச் சொன்னார். பாதிக்கு மேல் தமிழ்நாடு. "கோயம்புத்தூர்க்காரர் என் கடைக்கு வந்து சங்கிலி வாங்குவாராம்மா?" என்று கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கேள்வி அலுவலகத்துக்குள் பெரிய சண்டையைக் கிளப்பியது. மேலிடத்துக்குக் காட்ட மொத்த எண்ணிக்கை வேண்டும். அதற்குச் சினிமாச் செய்தி போட்டால் போதும், இந்தியாவிலிருந்து கொட்டும். எனக்கு வேண்டியதோ இங்கே சிங்கப்பூரில், ஈசூனிலும் உட்லண்ட்சிலும் இருக்கிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது பள்ளிச் செய்தி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) செய்தி, கோயில் செய்தி. தளத்தில் காலியான இடத்தைக் கணினியே ஏலம் விட்டு நிரப்பும் விளம்பரங்களும் கைகொடுக்கவில்லை. வாசகர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு விலைதான், இந்திய வருகைக்குச் சில்லறைக் காசு. கடைசியில் சிங்கப்பூர் வருகையைத் தனி இலக்காக்கினார்கள். அதன் பிறகுதான் ஆசிரியர் குழுவும் நாங்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம்.

அதற்குள் பாதிக் கடைகளில் முதலாளியின் மருமகன் ஐம்பது வெள்ளிக்கு ஃபேஸ்புக்கில் தானே விளம்பரம் போடக் கற்றுக்கொண்டுவிட்டார். எந்த வயது, எந்த வட்டாரம் என்று அவரே தேர்ந்தெடுக்கிறார். நான் என்ன சொல்லி விற்பது?

செய்தியறைச் சின்னவன்

அக்கா சொன்னது இப்போதும் நடக்கிறது. எங்கள் அறையில் ஒரு பெரிய திரை, இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆங்கிலச் செய்தியறைக்கு அது சரி. நமக்கு? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாராவது இணைப்பைப் பகிர்ந்தாலே பட்டியல் தலைகீழாகிவிடும். அதைப் பார்த்து "இந்த மாதிரிச் செய்தி இன்னும் நாலு போடு" என்று உத்தரவு வரும்போது சிரிப்புத்தான் வரும்.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். எங்கள் பணிநேர அட்டவணையை மாற்றியது அந்தத் திரைதான். முன்பு மதியத்துக்கு மேல்தான் செய்தியறை நிரம்பும், ஏனென்றால் பத்திரிகை இரவில் அச்சாகும். வாசகர்கள் காலை ஏழு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியைத் திறக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதிகாலைப் பணி வந்தது. தைப்பூசத்தன்று எந்தச் சாலை மூடல் என்ற செய்தியை விடியுமுன்னே ஏற்ற ஆள் இருக்கிறார். இதை எத்தனையோ பேர் முன்பே சொல்லியிருப்பார்கள், வரைபடமாகக் காட்டியதும்தான் மேலாளர் ஒப்புக்கொண்டார்.

வானொலிக் காது

வானொலியில் பாட்டுத் தேர்வுதான் பெரிய மாற்றம். முன்பு இசைத்தட்டு அறைச் சாவி யாரிடமோ அவர்தான் ராஜா. பிறகு மென்பொருள் வந்தது: ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக்கூடாது, புதுப்பாட்டு இத்தனை மணிக்கு ஒருமுறை என்று விதி போட்டால் பட்டியலை அதுவே போட்டுவிடும். நான் எதைத் தூக்கிவிட்டு எதைச் சேர்த்தேன் என்பது மறுநாள் மேலாளர் மேசையில் இருக்கும். அப்புறம் ஒலிவாங்கி, கேமரா, நேயர் அனுப்பும் குரல்பதிவு, ஃபேஸ்புக் நேரலை எல்லாம் ஒரே ஆள் பார்ப்பது வழக்கமானது. பதவிப் பெயர் மட்டும் பழையதுதான்.

தயாரிப்பு அலுவலகம்

எங்களுடையது சின்னத் தயாரிப்பு நிறுவனம். மீடியாகார்ப்பின் தமிழ்த் தொலைக்காட்சி வசந்தம் 2008ல் முழு ஒளிவழியானபோது ஒப்பந்தம் இரண்டு பக்கம்தான் இருக்கும், ஒளிபரப்பு, மறு ஒளிபரப்பு, அவ்வளவுதான். 2013ல் மீடியாகார்ப்பின் இணையக் காணொளித் தளமான டாகல் வந்தது, 2020ல் மீவாட்ச் என்று பெயர் மாறியது, நடுவில் யூடியூப். இப்போது எந்தத் தளம், எந்த நாடு, எத்தனை காலம், துண்டுக் காணொளிக்கு அனுமதி உண்டா என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரி. பின்னணி இசைக்கு ஒரு பட்டியல், துணைத்தலைப்புக்கு ஒரு கோப்பு.

படப்பிடிப்பு நடத்தத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உரிமைக் கணக்கை ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது. எங்கள் அலுவலகத்தில் அதற்கென்றே ஒருவரைச் சேர்த்தோம், கேமரா வாங்க வைத்திருந்த பணத்தில். நண்பர்கள் சிரித்தார்கள். பழைய நாடகம் ஒன்றை வேறொரு தளம் கேட்டபோது அன்று மாலையே பதில் சொல்ல முடிந்தது எங்களால்தான்.

பழைய பக்கக்காரர்

சின்னவனே, 2.5 விழுக்காடு என்றீர்கள், அதையொட்டி ஒன்று. தமிழ் முரசும் அடங்கிய எஸ்பிஎச் (சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ்) நிறுவனத்தின் ஊடகப் பிரிவு 2021ல் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பிரிந்தது, ஐந்து ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை அரசு தரும் என்று 2022ல் அறிவித்தார்கள். தாய்மொழி வாசகர்களையும் இளையர்களையும் எவ்வளவு எட்டுகிறது என்பதும் அந்த நிதிக்கான அளவுகோலில் உண்டு. அப்படியென்றால் உங்கள் திரையில் ஓடும் எண் வெறும் விளம்பரக் கணக்கு இல்லை. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்த தமிழர் ஒருவர் நிர்வாகக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாரா?

செய்தியறைச் சின்னவன்

எங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் ஐயா. போன மாதத்திலிருந்து. முதல் வேலையாக அந்தத் திரையில் நாடுவாரி வடிகட்டியைப் போட வைத்தார், எண்ணிக்கை பாதியாகிவிட்டது. மேலிடத்துக்கு இன்னும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.