முப்பது வயதுக்கு மேல் கிட்டார் கற்கத் தொடங்குவது எப்படி?

கேள்வி:
அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. அலுவலகம் முடிந்த பிறகு நாளொன்றுக்கு அரை மணி நேரமே கிடைக்கிறது. யூடியூப் பாடங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, இப்போது எஃப் மேஜர் கார்டில் (கார்டு என்பது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் அமைப்பு) வந்து நிற்கிறேன்; கம்பிகள் ஒலிக்காமல் மட்டுப்படுகின்றன, விரல் நுனியும் எரிகிறது. ஆசிரியரிடம் செல்வது அவசியமா?

மறுமொழி 1:
ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே முதல் ஃபிரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டை மூன்றாவது வாரத்தில் முயல்வது வீண் வேதனை. இரண்டு விரல்கள் மட்டுமே தேவைப்படும் ஈ மைனரிலிருந்து ஏ மைனருக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை பிசிறின்றி மாற முடிகிறது என்று எண்ணிப் பழகுங்கள். விரலை ஃபிரெட்டின் மீது வைக்காமல், அதை ஒட்டிப் பின்புறமாக வைத்தால் பாதி அழுத்தமே போதும். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் குறை உங்கள் விரலில் இல்லை, கிட்டாரில்தான்.

மறுமொழி 2:
முதல் இரண்டு மாதங்களுக்காவது ஆசிரியர் தேவை என்பேன். காணொளி பார்த்தே பழகிய நான் மணிக்கட்டை மடித்து வாசித்ததை இரண்டு ஆண்டுகள் உணரவேயில்லை. அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினமாக இருந்தது. தினமும் சுருதி சேர்த்த பிறகே தொடங்குங்கள், இல்லாவிட்டால் காதும் கெட்டுப்போகும்.

கேள்வி கேட்டவர்:
அளந்தேன், ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருக்கிறது! சனிக்கிழமை கடைக்கு எடுத்துச் சென்று, உயரத்தைக் குறைத்து, மெல்லிய கம்பிகளாகவும் மாற்றச் சொல்கிறேன்.